படத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்

போன மாதம் அடையாறில் ஒரு நிறுவனத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நடிகர் நடிகைகளின் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற நிறுவனம். பொங்கலுக்கு வாழ்த்து, பெரிய மனிதர் யாராவது போய்விட்டால் இரங்கல், கிரிக்கெட்டில் ஜெயித்தால் கைதட்டல், எல்லாவற்றையும் நடிகர் தூங்கி எழுவதற்குள் இந்தப் பிள்ளைகளே அவர் பெயரில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்றதும் உடனே அணைத்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். பிரபலங்கள் தங்கள் அரசியல் கருத்தைப் பொதுவில் சொல்லலாமா கூடாதா, ஒரே வரியில் சொல்லுங்கள் மேடம், ரீல்ஸ் போட வேண்டும் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒரே வரியில சொல்ற விஷயமா இருந்தா நான் எதுக்கும்மா இத்தன வருஷம் சம்பளம் வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் மேல் பாவமாக இருந்தது. கேள்வி ஒன்றும் தப்பில்லை. என் பிழைப்பே அந்தக் கேள்வியை வைத்துத்தான் நடந்தது. அதனால் ஒரு வரிக்குப் பதிலாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முடிந்தால் இதையும் அவள் ரீல்ஸ் ஆக்கிக்கொள்ளட்டும்.

நான் சினிமாவில் பி.ஆர்.ஓ.வாக இருந்தவள். படத்தையும் நடிகரையும் பத்திரிகைக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. போய்ச் சேரக் கூடாததைத் தடுப்பது அதைவிடப் பெரிய வேலை. பிலோமினா என்ற பெயரைக் கேட்டதும் எல்லாரும் டீச்சரா என்றுதான் கேட்பார்கள். சாந்தோமில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் டீச்சர்கள்தான். நானும் அந்த வழியில் போயிருக்க வேண்டியவள். டைப்ரைட்டிங் முடித்த கையோடு தி.நகரில் ஒரு ஆபீசில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன், அங்கேயே நிலைத்துவிட்டேன். சினிமா ஆபீஸ் என்று தெரிந்ததும் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி நெற்றியில் நாமம் போட்டவர், குடிக்காதவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பா இறங்கி வந்தார்.

அந்த முதலாளி வரதன் சார். மயிலாப்பூர்க்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் முன்னால் சாய வேண்டியிருக்கும். அப்படிச் சாய்ந்து நின்று திட்டு வாங்குவது மாதிரி அவமானம் வேறு கிடையாது. டைப் அடிக்க வந்த என்னை அவர் முதலில் அனுப்பியது பத்திரிகை ஆபீஸ்களுக்குப் புகைப்படக் கவர் கொடுக்க. பிறகு போன் பேச விட்டார். பிறகு கூட நிற்க விட்டார். சில வருஷங்கள் இப்படியே போயின. அவர் எதையும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

"கேள்வி வந்தப்புறம் தடுக்கறது வேலையே இல்ல. அது பொறக்கறதுக்கு முன்னாடியே தடுக்கணும்" என்பார். பத்திரிகையாளர் சந்திப்பு அநேகமாக வடபழனியில் ஏதாவது ஒரு பிரிவியூ தியேட்டரில் நடக்கும். ஆரம்பிப்பதற்கு முன்னால் வரிசை வரிசையாக நடந்து போவார். ஒருவரிடம் பெண்ணின் பரீட்சை, ஒருவரிடம் அம்மாவின் கண் ஆபரேஷன், ஒருவரிடம் சொந்த ஊர் மழை. எல்லாருடைய வீட்டுச் சங்கதியும் அவருக்குத் தெரியும். விசாரித்து முடித்துத் தோளைத் தொட்டு, "படத்தப் பத்தி மட்டும் கேளுங்கோ, என்ன?" என்பார். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்ட மனிதரிடம் யார் முடியாது என்று சொல்வார்கள்?

அதையும் மீறி அரசியல் கேள்வி வந்துவிட்டால் அதற்கும் ஏற்பாடு உண்டு. மேடையில் இரண்டு மைக் இருக்கும். ஒன்று நடிகருக்கு. இன்னொன்று வரதன் சாரின் கையை விட்டு நகராது. நடிகருக்கு இடது பக்கம் ஓரடி பின்னால் நிற்பார். பேச்சு வழுக்குகிற மாதிரி தெரிந்தால் தன் மைக்கில் "நன்றி" என்று ஒரு வார்த்தை சொல்வார். அரங்கத்தின் பின்பக்கம் டிபன் மேஜை. போண்டா, கேசரி, காபி எல்லாம் மூடி போட்டுத் தயாராக இருக்கும். சாரின் "நன்றி" காதில் விழுகிற வரை ஒரு மூடியும் திறக்கக் கூடாது, விழுந்த மறு நொடி எல்லா மூடியும் ஒன்றாகத் திறக்க வேண்டும் என்று சமையல்காரருக்குக் கண்டிப்பான உத்தரவு. நெய் வாசனை அரங்கம் முழுக்கப் பரவும். மத்தியானத்திலிருந்து காத்துக் கிடந்தவர்கள் எழுந்துவிடுவார்கள், பதிலுக்காக ஒருவரும் நிற்க மாட்டார். ஒரு தடவை புதுக் கதாநாயகி ஒருத்தி மைக்கைப் பிடித்ததும் வந்திருக்கும் எல்லாருக்கும் நன்றி என்று ஆரம்பித்துவிட்டாள். பின்னால் மூடிகள் திறந்துவிட்டன. பாவம், அவளுடைய முதல் பேட்டி அந்த ஒரு வரியோடு முடிந்தது. அதற்குப் பிறகு பேச வருகிறவர்கள் எல்லாரிடமும் வணக்கம் மட்டும் சொல்லுங்கள் என்று நாங்களே சொல்லிவைப்போம்.

ஏன் இவ்வளவு பயம் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஒரு பெரிய கதாநாயகன் பாடல் வெளியீட்டு விழாவில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு தலைவரைப் புகழ்ந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார். வரதன் சார் அன்று ஊரில் இல்லை. படம் வெளியானதும் தெற்கே ஒரு ஊரில் எதிர்க் கோஷ்டி தியேட்டருக்குள் புகுந்து திரையைக் கிழித்தது. டிக்கெட் கொடுக்கிறவர் நெற்றியில் கல் விழுந்தது. வரதன் சார் ரயில் ஏறிப் போய் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தார். ஆபீஸ் மேஜை முன்னால் உட்கார்ந்து வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசினவன் டூயட் பாடிண்டு வெளிநாட்டுல இருக்கான். தையல் போட்டுண்டவன் இங்க படுத்துண்டிருக்கான். எனக்குத் தெரிஞ்ச அரசியல் இவ்வளவுதான் பிலோமினா" என்றார்.

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலியால் அவர் வீட்டோடு இருந்துவிட்ட பிறகு ஆபீசை நான் நடத்தினேன். அதே நடை, அதே இரண்டாவது மைக், அதே போண்டா. எத்தனை பேர் வாயை மூடினேன் என்று எனக்கே தெரியாது. நான் ஓய்வுபெறும் சமயத்தில்தான் இனியன் விஷயம் வந்தது.

இனியன் என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். சொந்தப் பெயர் ஏழுமலை. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் வெல்லமண்டித் தோட்டம் என்ற குடியிருப்பில் பிறந்தவன். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். இட்லிக் கடை போட்டு அவனை வளர்த்தவள் அக்கா செல்வி. அவன் பெரிய ஆளானதும் அடையாறில் வாங்கிய வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனான். கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். கதவைத் திறந்தால் பேச ஒரு ஆள் இல்லை என்று சொல்லித் திரும்ப ஆற்றங்கரைக்கே வந்து கடையைத் திறந்துவிட்டாள். அவனுக்கு வருத்தம்தான். ஆனாலும் படப்பிடிப்பு இல்லாத காலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவான்.

அந்தத் தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஆற்றை அகலப்படுத்துகிறார்கள், குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் வீடு என்றார்கள். அங்கிருந்து பஸ் ஏறினால் வேலைக்கு வந்து சேரவே பாதிப் பொழுது போய்விடும். தோட்டத்துப் பெண்கள் நந்தனத்திலும் தி.நகரிலும் வீட்டு வேலை செய்கிறவர்கள். ஆண்களில் பாதிப் பேர் சினிமாவில் லைட் பிடிக்கிறவர்கள். பிள்ளைகளின் படிப்பு பாதி வருஷத்தில் நிற்கும். இனியனின் புதுப் படம் வெளியாக இருந்த நேரம் அது. உன் ஊரையே இடிக்கிறார்கள், நீ ஏன் பேசவில்லை என்று அவனுடைய வலைத்தளப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் மேடைக்கு வரச் சொன்னார்கள். ஆளுங்கட்சித் தரப்பிலிருந்து தயாரிப்பாளருக்குப் போன் வந்தது. தம்பி அமைதியாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார்களாம். தயாரிப்பாளர் என்னிடம் ஓடி வந்து, "மேடம், அவரு வாய மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

மறுநாள் இனியனே என் ஆபீசுக்கு வந்தான். படத்துக்கான பத்திரிகையாளர் விழாவில் தோட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன், படம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி என்றான். "இந்த ஒரு தடவ பக்கத்துல மைக்கோட நிக்காதீங்க மேடம்." என் வேலைப்படி நான் பதறியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெற்றியில் தையல் போட்ட அந்த மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார். அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரி, நிற்க மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் நூரக்கா வந்தாள். நூர்ஜஹான், வடபழனியில் காஸ்ட்யூம் டெய்லர். இனியனுக்கு முதல் படத்திலிருந்து அவள்தான் தைக்கிறாள். அவளும் வெல்லமண்டித் தோட்டம்தான், அங்கே பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. விழாவுக்கான சட்டையை அளவு பார்க்கக் கொண்டுவந்திருந்தாள். அவனை நிற்க வைத்துத் தோளில் குண்டூசி குத்தத் தொடங்கினாள். அவன் தான் பேசப்போவதை அவளிடமும் உற்சாகமாகச் சொன்னான். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நைனா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே. நீ பேசாத."

"இன்னாக்கா சொல்ற? உன் வூடும் சேந்துதான் போவுது."

"அதான் பேசாதன்றேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். சைதாப்பேட்டையிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கட்டி முடிகிற நிலையில் இருந்தது. அவளும் சங்கத்தில் இரண்டொரு பெண்களும் ஒரு அதிகாரியை விடாமல் போய்ப் பார்த்து, தோட்டத்து ஜனங்களுக்கு அங்கே இடம் கொடுக்கலாம் என்று சம்மதிக்க வைத்திருந்தார்கள். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. கையெழுத்தாகும் வரை சத்தம் வரக் கூடாது, ஏதாவது ஒரு கட்சி இதைக் கையில் எடுத்தால் இன்னொரு கட்சிக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். சங்கத்திலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"நீ பேசினா நாளைக்கு பேப்பர்ல உன் மூஞ்சி வரும் நைனா. எங்க வூடு வராது" என்றாள்.

 அதுவரை என்னைக் கோழை என்பார்களே என்றான். சொல்வார்கள் என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"செல்விக்கா? அவ தங்கமானவ. ஆனா கடையில நிக்கிறவ. அவகிட்ட சொன்னா இட்லியோட சேத்து எல்லாருக்கும் பார்சல் ஆயிடும்."

இனியன் சிரித்துவிட்டான். ஆமாம், அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்றான். நானும் தலையாட்டினேன். நூரக்கா குண்டூசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு மிச்சத் தோளையும் குத்தி முடித்தாள்.

அவன் பேசப்போவதில்லை என்று தயாரிப்பாளரிடம் சொன்னபோது அவர் கும்பிட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவர் நினைத்த மௌனம் வேறு, இது வேறு. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அதை விளக்கிச் சொல்லவும் வழியில்லை.

விழா அன்று வடபழனி தியேட்டர் வாசலிலேயே கூட்டம். முன்னெல்லாம் குறிப்பேடும் பேனாவுமாக ஒரு கைப்பிடி ஆள் வருவார்கள். அன்று மேடை முழுக்க மைக்கும் கேமராவும். நான் வழக்கம்போல வரிசையில் நடந்தேன். முதல் வரிசையில் தனபால். பழைய பத்திரிகைக்காரர், நேர்மையானவர், எனக்கு வெகுகாலச் சிநேகிதர். வீட்டை விசாரித்துவிட்டுத் தோளைத் தொட்டேன். அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"பிலோ, எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேளு, சந்தோஷம். அதுக்கு மேல கேக்காத. நான் கேக்க வேண்டியத கேக்கத்தான் போறேன்" என்றார்.

 மேடையேறி இனியனுக்கு இடது பக்கம் ஓரடி பின்னால் நின்றேன். நிற்காதீர்கள் என்றவன், அன்று காலை போன் செய்து நில்லுங்கள் மேடம் என்று கேட்டிருந்தான். பக்கவாட்டுக் கதவருகே நூரக்கா, கையில் மாற்றுச் சட்டையோடு. படம், பாட்டு, கதாநாயகி என்று கேள்விகள் போயின. அவன் நன்றாகவே பேசினான். சட்டையின் முதுகு நனைந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தனபால் எழுந்தார். "நீங்க பொறந்த வெல்லமண்டித் தோட்டத்த காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. படத்துல ஏழைகளுக்காக அவ்வளவு வசனம் பேசியிருக்கீங்க. சொந்த ஜனத்துக்காக ஒரு வார்த்த உண்டா, இல்லையா?"

என் கட்டைவிரல் மைக் சுவிட்சின் மேல் இருந்தது. அந்த இடத்திலேயே நன்றி சொல்லியிருக்கலாம். வரதன் சார் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டியதை அவனே சொல்லட்டும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் பாதி மனசு, பேசிவிடேன்டா என்றுகூடக் கெஞ்சியது.

அப்போது பின்பக்கம் டிபன் மேஜைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. செல்வி. தியேட்டர் வாட்ச்மேன் அவர்கள் தோட்டத்துக்காரர், உள்ளே விட்டிருக்கிறார். கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள், புடவையில் மாவுக் கறை.

"ஏழு, அவரு கேக்கிறாரு இல்ல. சொல்லு."

எல்லாக் கேமராவும் பின்னால் திரும்பின. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை, தம்பியை மட்டும் பார்த்தாள்.

"உன்ன இடுப்புல வச்சிக்கினு தண்ணி புடிச்ச எடம் அது. அத இடிக்கப் போறாங்க. நீ இன்னா சொல்ற?"

இனியன் நூரக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டவில்லை, கையசைக்கவில்லை. கையிலிருந்த சட்டையைப் பார்த்தபடி நின்றாள்.  அவன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான், இறக்கினான், மறுபடி கொண்டுபோனான்.

"படத்தப் பத்தி மட்டும் கேளுங்க" என்றான்.

காலமெல்லாம் நான் சொல்லித் திரிந்த வாக்கியம். அவன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி என்றேன். பின்னால் மூடிகள் திறந்தன. வாசனை வந்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. என் அனுபவத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"சரிப்பா. நீ படத்த பாரு" என்று சொல்லிவிட்டுச் செல்வி வெளியே போனாள்.

மேக்கப் அறைக்குப் போனதும் அவன் திட்டுவான், எதையாவது தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தான். அக்கா எப்படிப் போனாள், ஆட்டோ கிடைத்ததா என்று மட்டும் கேட்டான்.

அந்த வீடியோ எப்படிப் பரவியது என்று சொல்லத் தேவையில்லை. அவன் போஸ்டர்களில் வாயில் பூட்டு வரைந்தார்கள். சைதாப்பேட்டையில் சாணி அடித்தார்கள். டிவியில் பிரபலங்கள் அரசியல் பேச வேண்டுமா என்று விவாதம். ஜனங்கள் கொடுத்த புகழ், ஜனங்களுக்காகப் பேசுவது கடமை என்றார் ஒருவர். நடிகன் நடிக்கட்டும், நாட்டைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்து ஜனங்கள் எங்கே போவார்கள், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கடைசி வரை ஒருவரும் பேசவில்லை. வரதன் சார் போன் செய்து, "நன்னா சமாளிச்சே" என்றார். நான் சமாளிக்கவில்லை சார் என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவர் ஏதோ புரிந்துகொண்ட மாதிரி, சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. கையெழுத்து வரவில்லை. அந்த அதிகாரியை மாற்றப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மழைக்காலம் நெருங்கியது. ஒருநாள் தோட்டத்து முனையில் ஒரு பொக்லைன் இயந்திரம் வந்து நின்றது. இனியன் எனக்குப் போன் செய்து, இன்னும் பேசாமல் இருக்க வேண்டுமா என்பான். நான் நூரக்காவைக் கேட்பேன். பொறுங்கள் என்பாள். அவள் குரலிலும் முன்பிருந்த உறுதி இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பயம்தான். வீடும் போய், அவன் பேரும் போய், பேசவேண்டிய காலமும் போய்விட்டால் என்ன செய்வது? ராத்திரி ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் பொக்லைன்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

கடைசியில் அவனால் முடியவில்லை. காலையில் பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறேன் என்றான். நானும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் நூரக்காவின் போன். கையெழுத்தாகிவிட்டது, ஆனால் ஜனங்கள் சாவி வாங்கிக் குடியேறும் வரை இன்னும் வாயைத் திறக்காதீர்கள் என்றாள். காலைச் சந்திப்பை ரத்து செய்தேன். இனியன் மறுபடியும் பயந்து ஓடினான் என்று எழுதினார்கள். அதையும் வாங்கிக்கொண்டான்.

மழை முடிந்து குடியேறினார்கள். செல்விக்கு இரண்டாவது மாடி. நூரக்காவுக்கு அதே மாடியில் எதிர் வீடு. பால் காய்ச்சுகிறோம் வாருங்கள் என்று நூரக்கா கூப்பிட்டாள், போனேன். செல்வி தம்பியைக் கூப்பிடவில்லை. விழா அன்றிலிருந்து அவனோடு பேச்சே இல்லை. கடைக்கு வந்தவனைப் பார்க்காமல் இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அவனும் வருவதை விட்டுவிட்டான்.

பால் பொங்கியது. எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினாள். யாரோ ஒரு பெண் உன் தம்பி வரவில்லையா என்று கேட்டாள்.

"அவரு பெரிய மனுஷன். படத்தப் பத்தி மட்டும்தான் பேசுவாரு" என்றாள் செல்வி. கூடம் முழுக்கச் சிரித்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. டம்ளரைக் கீழே வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நூரக்கா முந்திக்கொண்டாள்.

"சிரிக்காத செல்வி. பேச வேணாம்னு அவன்கிட்ட சொன்னவ நான்."

அங்கேயே நின்று முழுவதையும் சொன்னாள். அதிகாரி, கோப்பு, சட்டை அளவு பார்த்த நாள், ரத்தான காலைச் சந்திப்பு, எல்லாம். செல்வி அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள், நூரக்காவைப் பார்த்தாள்.

"உனக்கு தெரியும். இந்த அம்மாவுக்கு தெரியும். எனக்கு ஏன் சொல்லல?"

 இட்லிப் பார்சல் என்று சிரித்த சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"ஊருக்கு சொல்ல வேணாம், சரி. நான் ஊரா? சொல்லியிருந்தா வாய மூடிக்கினு சும்மா இருந்திருக்க மாட்டேனா?" என்றாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு தனக்கே சொல்கிற மாதிரி, "இருந்திருக்க மாட்டேன்" என்றாள்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அக்கா, என்ன ஆயிற்று, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று அவன் பதறுவது எங்களுக்கே கேட்டது. இவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பால் காச்சிட்டேன். வந்து குடிச்சிட்டு போ" என்றாள். அவன் ஏதோ தயங்கினான் போலிருக்கிறது. "யாரு பாத்தா இன்னா, வா."

படப்பிடிப்பிலிருந்து அப்படியே வந்தான், முகத்தில் மேக்கப் கலையாமல். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழவில்லை. இளைத்துப்போய்விட்டாயே என்றாள். காலையிலேயே சுட்டு வைத்திருந்த இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அதற்குள் நடிகர் வந்திருக்கிறார் என்று கட்டடம் முழுக்கத் தெரிந்து, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் கையிலும் போன். ஒரு இளைஞன் கதவுக்குள் போனை நீட்டி, அன்றைக்குப் பேசாதவர் இன்றைக்காவது இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரா என்று கத்தினான். இனியன் வாயில் இட்லியோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.  செல்வி எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அவன் சாப்புட்டுக்கினு கீறான். முடிச்சிட்டு வந்து பேசுவான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.